மாப்பிள்ளை அறையில் ஒரு கல்

எங்கள் ஊர் வரலாற்று, தொல்பொருள் கழகம் ஐந்தாம் ஆண்டு மலர் ஒன்று வெளியிட்டிருக்கிறது. பச்சை அட்டை, நாற்பத்தெட்டுப் பக்கம். கடைசி எட்டுப் பக்கமும் கல்முனைக் கடைக்காரர்களின் விளம்பரம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "1981ஆம் ஆண்டு கழகத்துக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது."

கிடைப்பதற்கு அது என்ன மாங்காயா, காற்றடித்ததும் விழுந்து கிடக்க?

எழுதியவர் கழகச் செயலாளர் அபுல் ஹஸன், என் கணவர். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். பெண்சாதியைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரிக்காத நாள் எது? ஆகவே அவர் ஒரு வரியில் முடித்ததை நான் நீட்டிச் சொல்கிறேன். என் பெயர் முனவ்வறா. இன்றைக்குக் கழகத்தில் நூற்று எழுபத்தாறு அங்கத்தவர்கள். நிர்வாக சபையில் மூன்று பெண்கள். அவர்களில் நான் ஒருத்தி என்பதால் இதை ஒரு பக்கச் சார்பான கதை என்று யாரும் சொன்னால், ஆமாம், சார்புதான்.

எல்லாம் சூறாவளியில் தொடங்கியது. எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதம் அடித்த அந்தக் காற்றை எங்கள் கிழக்குக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் வீட்டு ஓட்டில் பாதி பக்கத்து வளவில் கிடந்தது. தென்னைகள் சீப்புப் பல் உடைந்த மாதிரி நின்றன. என் கணவருக்கு நீர்ப்பாசன இலாகாவில் மேற்பார்வை வேலை. வாய்க்கால் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க நற்பிட்டிமுனைப் பக்கம் சைக்கிளில் போனார். போனவர் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் திரும்பினார். முழங்கால் வரை சேறு. உள்ளே வந்ததும் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

வாய்க்கால் கரையில் நின்ற ஒரு பெரிய மருதமரம் வேரோடு சாய்ந்திருக்கிறது. அந்தக் குழிக்குள் இடுப்பு உயரத்தில் ஒரு கல். கல்லில் எழுத்து. என் தலைக்கு மேலே வானம் தெரிகிறது, இந்த மனிதர் ஒரு கல்லுக்குப் பல் விளக்கப் போகிறார்.

நான்கு நாள் கழித்து உழவு இயந்திரப் பெட்டியில் அந்தக் கல் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தது. கல்முனையில் தமிழ் படிப்பிக்கும் அருளம்பலம் ஆசிரியர் பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர். அவர் இரண்டு கிழமை வந்து, கல்லின் முன்னே குந்தியிருந்து, மாவைத் தடவித் தடவி ஒன்பது சொல்லை வாசித்தார். இந்த வாய்க்காலின் தண்ணீரை இரண்டு கரையாரும் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மிச்சம் தேய்ந்துவிட்டது. என் கணவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இருபது வருடமாகத் தான் ஒவ்வொரு போகத்திலும் கத்துகிற அதே வார்த்தையை எந்தக் காலத்திலோ ஒருவன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த மாதம் கழகம் பிறந்தது. தலைவர் கச்சிமுகம்மது, ஓய்வு பெற்ற தபாலதிபர், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். முப்பது வருடம் முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா? கழகத்துக்கு அங்கத்தவர் நான்கு பேர் இருந்த காலத்திலேயே கடிதத் தாளும் இறப்பர் முத்திரையும் வந்துவிட்டன. உபதலைவர் அருளம்பலம் ஆசிரியர். பொருளாளர் சைக்கிள் கடைப் பளீல். அப்போது அவனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. செயலாளரைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

கூட்டம் எங்கள் வளவில், கல்லைச் சுற்றிக் கதிரை போட்டு நடக்கும். தேத்தண்ணீர் என் குசினியிலிருந்து போகும். நான் அவித்த நெல்லைக் காயப் போடும் இடத்தில் கல் நின்றதால், ஒரு நாள் சாக்கை அதன் மேல் விரித்துவிட்டேன். அதைப் பார்த்த கச்சிமுகம்மது காக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இது வரலாறு என்று எனக்கு எடுத்துச் சொன்னார். வரலாறு என்றால் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள், வெயில் போகப்போகிறது என்றேன்.

அங்கத்தவர் சேர்ந்த விதமே ஒரு கதை. மாவடிப்பள்ளியிலிருந்து ஆறு விவசாயிகள் வந்து சேர்ந்தார்கள். கல்லில் எழுதியபடி தங்கள் வயலுக்கு முதல் தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் புதையல் வரைபடம் இருக்கிறதென்று நம்பி வந்தார். மூன்று கூட்டத்துக்குப் பிறகு அது இல்லை என்று தெரிந்தும் அவர் போகவில்லை, பழக்கமாகிவிட்டது. கடற்கரைப் பக்கத்துக் கதிர்காமத்தம்பி, வலையில் சிக்கிய ஒரு பழைய சாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதைப் பார்க்க வாராவாரம் வர வேண்டும் என்பதற்காகவே அங்கத்தவர் ஆனார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிலிருந்து இரண்டு பேர். இப்படி எண்பத்தோராம் ஆண்டு பிறந்தபோது நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். சாடி, நாணயம், உடைந்த ஓட்டுத் துண்டு என்று சேர்ந்த சாமான் எல்லாம் என் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

அப்போதுதான் கொழும்புத் தொல்பொருள் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லைப் பற்றி என் கணவர் எழுதிய ஏழு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். கல் முக்கியமானது, வெயிலிலும் மழையிலும் அதை விட முடியாது, கழகத்தைப் பிரதேசக் கழகமாகப் பதிய ஆயத்தம். ஆனால் இரண்டு நிபந்தனை. ஐம்பது அங்கத்தவர் வேண்டும். பூட்டுப் போடக்கூடிய ஒரு நிலையான அறை, உரிமையாளரின் கையொப்பத்தோடு, கழகத்தின் பெயருக்கு வேண்டும். ஏப்ரல் பதினெட்டில் அதிகாரி ஒருவர் லொறியோடு வருவார். இரண்டும் இருந்தால் கல் ஊரிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகும்.

என் கணவர் அன்றிரவு சோறு தின்னவில்லை. அவர் பேராசைக்காரர் இல்லை. வீடு, காசு, பதவி எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது மட்டும்தான் அவர் வாழ்க்கையில் வாய் விட்டுக் கேட்ட ஒன்று.

நிர்வாக சபை கூடியது. கச்சிமுகம்மது காக்கா எழும்பி நின்று, தன் வீட்டு முன்மண்டபத்தைக் கழகத்துக்குத் தருவதாக அறிவித்தார். கை தட்டினார்கள். கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். முத்திரையும் குத்தினார்கள்.

இங்கேதான் இந்த ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு விசயத்தை மறந்துபோனார்கள். எங்கள் கரையில், முஸ்லிம் என்றாலும் சரி தமிழர் என்றாலும் சரி, வீடு பெண்பிள்ளைக்கு. தாய் மகளுக்கு வீடு கொடுப்பாள். மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் ஒரு றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்கு வருவான். முப்பது வருடம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கி எழும்பி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, "என் வீடு" என்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிடும். வீட்டு உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது கையொப்பம் வைக்கிற நாளில்தான் ஞாபகம் வரும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மறுநாள் காலை கச்சிமுகம்மது காக்காவின் மனைவி நபீலா என் வேலிக்கு வந்தாள்.

"எந்த ஊட்ட இவர் குடுத்தாரெண்டு ஒங்கட ஊட்டுக்காரர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. இவர் வரக்குள்ள ஒரு றங்குப்பெட்டியோட வந்தவர். அது இன்னும் பரண்ல கிடக்கு. அதைக் குடுக்கட்டும்."

இரண்டாவதாக அருளம்பலம் ஆசிரியர் முன்வந்தார். அவர் மனைவி சீதேவி சண்டைக்கு வரவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இருந்து, வைகாசியில் மூத்த மகளுக்குக் கலியாணம், வீடு அவளுக்கு என்று பேசி முடிந்துவிட்டது, வருகிற மருமகன் கல்லோடு குடித்தனம் நடத்துவானா என்று கேட்டாள். போகும்போது, "கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு அடிக்கப் பார்த்திருக்கார்கா, இந்த மனிசன்" என்று சிரித்தாள். பளீல் இருப்பது உம்மா வீட்டில். அது தங்கச்சி ஹாஜறாவுக்கு. மாவடிப்பள்ளிக்காரர்களில் ஒருவர் தன் நெல்லுக் கொட்டிலைத் தருவதாகச் சொல்லி, மாலையே மாமியோடு வந்து திருப்பி வாங்கிக்கொண்டார். நாற்பத்தொரு ஆண்கள். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்துக் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை சொந்தமாக ஒரு கதவு இல்லை.

நான் வயிறு நோகச் சிரித்தேன். ஏப்ரல் மாதம் நாலாம் திகதி வரை சிரித்தேன்.

அன்று அவருடைய மேசையைத் துடைக்கும்போது கழகத்தின் கடிதத் தாள் ஒன்றைக் கண்டேன். தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, பிரதி எடுத்து வைத்திருந்தது. "எனது வீட்டின் தெருப் பக்கத்து அறையைக் கழகத்துக்கு நிரந்தரமாக வழங்குகிறேன். இப்படிக்கு, உரிமையாளர் அபுல் ஹஸன்." மூலக் கடிதம் ஒரு கிழமைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உம்மா இந்த வீட்டை எனக்குக் கட்டியபோது, தெருவுக்குத் தனிக் கதவு வைத்துக் கட்டின அறை அது. மாப்பிள்ளை அறை என்போம். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேதான் வைப்பார்கள். அபுல் ஹஸன் றங்குப்பெட்டியோடு முதன்முதலில் நுழைந்ததும் அந்தக் கதவால்தான். எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். மூன்றும் நல்ல பிள்ளைகள். நாளைக்கு மூன்று பேரும் மூன்று வீட்டுக்குப் போவார்கள். பெண்பிள்ளை பிறக்கும் பிறக்கும் என்று நான் அந்த அறையை வெறுமையாக வைத்திருந்தேன். பிறக்காது என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தேன். வியாழன்தோறும் கூட்டி, யன்னலைத் திறந்து, மறுபடி பூட்டுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லவும் தெரிந்திராது.

கடிதத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கத்தான் இருந்தேன், நேரம் போதவில்லை என்றார். பிறகு அந்த மனிதர் தன் வாயாலேயே அதைச் சொன்னார்.

"நமக்குத்தான் பொம்புளப்புள்ள இல்லியே முனவ்வறா. அந்த அறை சும்மாதானே கிடக்கு."

இருபத்தைந்து வருடத்தில் ஒரு தரம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. குறையாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கணக்குச் சரிபார்க்கிற மாதிரித்தான் சொன்னார். அதுதான் இன்னும் நொந்தது. அறை என்னுடையது, தரமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு பதினான்கு நாள் எங்களுக்குள் சோறு, உப்பு, சாரன், சாவி இந்த நாலு சொல்லைத் தவிர வேறு சொல் நடமாடவில்லை.

பகிடி என்னவென்றால், இந்தச் செய்தி என் தங்கை ஸகியாவின் காதுக்கும் போய்விட்டது. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எனக்குப் பிறகு இந்த வீடு அவர்களுக்குத்தான் என்று அவள் மனதுக்குள்ளே கூரை ஓடுகளைக்கூட எண்ணி வைத்திருப்பாள். ராத்தா, இவர்களுக்கு ஒரு யன்னல்கூடக் கொடுக்காதே என்று ஓடிவந்து சொன்னாள். அவள் சொன்னதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஆளாளுக்கு என் அறையைப் பங்கு போடுகிறார்கள். அதில் இருந்திருக்க வேண்டிய ஒருத்தியைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை.

ஏப்ரல் பதினெட்டு வந்தது. அதிகாரி வருகிறார் என்றால், கோபம் வேறு, விருந்து வேறு. வந்தவருக்குச் சாப்பாடு போடாமல் விட்டார்கள் என்று நாளைக்கு என் வீட்டைத்தானே சொல்வார்கள்? நபீலா வட்டிலப்பம் அவிக்க வந்தாள். சீதேவி தன் பங்குக்கு இறால் பொரித்துக் கொண்டுவந்தாள். ஸகியா, ஹாஜறா, அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று குசினியில் பன்னிரண்டு பேர். வெளியே மாமரத்துக்குக் கீழே நாற்பத்தொரு ஆண்கள், கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வெள்ளைச் சேட்டோடு. தெருவில் லொறி நின்றது. அதில் கயிறும் வைக்கோலும் ஆயத்தமாக இருந்ததை யன்னலால் பார்த்தேன்.

அதிகாரி மாத்தளைப் பக்கத்தவர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். அவர் பேசியது தமிழ்தான், ஆனால் பாடப் புத்தகம் வாய் திறந்தது போல இருந்தது. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். முழங்காலில் நின்று விரலால் எழுத்தைத் தொட்டார். அருளம்பலம் ஆசிரியர் வாசித்த ஒன்பது சொல்லுக்கு மேலே இன்னும் இரண்டு சொல்லை வாசித்தார். ஆண்கள் எல்லாரும் "ஆ" என்றார்கள். பிறகு எழும்பி, சாரனில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரிக் காற்சட்டையைத் தட்டிவிட்டு, அங்கத்தவர் பட்டியலைக் கேட்டார். நாற்பத்தொன்று. அறையின் உரிமையாளர் கையொப்பமிட்டால், மிச்ச ஒன்பது பேருக்கு மூன்று மாதம் தவணை தரலாம் என்றார். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் கணவரிடம் பேனாவையும் நீட்டினார்.

நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் அகப்பையோடும் சுளகோடும் நின்றார்கள்.

அபுல் ஹஸன் பேனாவை வாங்கவில்லை.

"ஐயா, நான் பிழையா எழுதிட்டன். இந்த ஊடு என்ட இல்ல. என்ட பொண்டாட்டிட. அவவுட்ட நான் கேட்கயும் இல்ல. கேட்காமக் குடுத்தது களவு மாதிரித்தான். கல்ல ஏத்துங்க."

கச்சிமுகம்மது காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அருளம்பலம் ஆசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கதிர்காமத்தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிகாரி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு லொறிக்காரனுக்குக் கை காட்டினார். இரண்டு பேர் கயிற்றோடு வந்து கல்லின் கழுத்தில் சுருக்குப் போட்டார்கள். என் கணவர் சாக்கொன்றை மடித்து, கயிறு எழுத்தில் உரசாமல் இடையில் வைத்துக் கொடுத்தார். கொழும்புக்குப் போகிற கல்லுக்கு வலிக்கக் கூடாதாம்.

அந்தச் சாக்கைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதருக்கு ஒரு மகள் இருந்து, அவளை வேறு ஊருக்கு அனுப்ப நேர்ந்தால் இப்படித்தான் நின்றிருப்பார். அறையை நான் மட்டும் வெறுமையாக வைத்திருக்கவில்லை. அவரும் தன் பங்குக்கு ஒன்றை வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தேன். கயிற்றுக்காரனைப் பொறுக்கச் சொன்னேன். அதிகாரியிடம் ஒரு விசயம் கேட்க வேண்டும் என்றேன். கேளுங்கள் அம்மா என்றார்.

"இந்தக் கழகம் பதிஞ்சாப் பிறகு, சட்டத்துல அது ஒரு ஆளா?"

ஓர் ஆள் மாதிரித்தான், அதன் பெயரில் சொத்து இருக்கலாம், வழக்கும் பேசலாம் என்றார்.

"அது கலியாணம் முடிச்சி வேற ஊட்டுக்குப் போயிருமா?"

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்து அடக்கினார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. போகாது, பதிந்த இடத்திலேயே இருக்கும் என்றார்.

"அப்ப அது பொம்புளப்புள்ளதான். ஆம்புளப்புள்ளையெண்டா றங்குப்பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கும்."

இப்போது சிரிப்பை யாரும் அடக்கவில்லை. கச்சிமுகம்மது காக்காவின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. அவருடைய பெட்டி பரணில் கிடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சிரிக்கவில்லை. எனக்கு மூன்றும் ஆண், பெண்பிள்ளை இல்லை, இருந்திருந்தால் அவளுக்குக் கொடுக்க ஓர் அறை வைத்திருந்தேன், அதை இந்தக் கழகத்துக்குக் கொடுக்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மனம் மாறி இரங்கிக் கொடுக்கவில்லை, சீதனமாகக் கொடுக்கிறேன். ஆகவே எங்கள் ஊர் முறைப்படிதான் நடக்க வேண்டும் என்றும் சொன்னேன். செருப்பு வாசலோடு. பீடி, சுருட்டு இல்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு கூட்டம் இல்லை. சாவி என் இடுப்பில்.

கச்சிமுகம்மது காக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பழக்க தோசத்தில் முத்திரையையும் தேடினார்.

படிவம் மறுபடி வெளியே வந்தது. ஆனால் அங்கத்தவர் நாற்பத்தொரு பேர்தானே என்று அதிகாரி இழுத்தார். மூன்று மாதத் தவணையில் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் ஆண்கள் மூன்று மாதத்தில் இன்னும் நாலு புதையல்காரரைத்தான் பிடித்து வருவார்கள். பெண்கள் சேரக் கூடாது என்று சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

முதலில் வந்தவள் சீதேவி. அவள் புருசனுக்குக் கண் வெளியே வந்துவிட்டது. பிறகு நபீலா, தலைவருக்கு மேலே தன் பெயர் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. அகர வரிசையில் எழுதுவதால் அது முடியாது என்றதும், அப்படியென்றால் தன் வட்டிலப்பத்தைத் திருப்பி எடுத்துப்போவதாகச் சொன்னாள். மேலேயே எழுதினார்கள். ஹாஜறா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஸகியா மட்டும் வாசற்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

"ஒரு அறைதானே ராத்தா. என்ட மகளுகள் ரெண்டும் சண்டை பிடிக்க இன்னும் நாலு கிடக்கு" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

என்னோடு சேர்த்து ஐம்பத்து நான்கு பேர். என் கணவர் பட்டியலை எழுதி முடிக்கையில் ஒரு பெயரை இரண்டு தரம் எழுதிவிட்டார். கயிற்றுக்காரர்கள் சுருக்கை அவிழ்த்துக் கயிற்றை லொறிக்குள் எறிந்தார்கள்.

மாமரத்துக்குக் கீழே மேசை போட்டு எனக்குக் கதிரை தந்தார்கள். அதிகாரி படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து, நான் சொல்லச் சொல்ல நிரப்பினார். பெயர். ஊர். அறையின் நீளம், அகலம். அறை எனக்கு யாரிடமிருந்து வந்தது? என் உம்மா சல்மா உம்மாவிடமிருந்து. அவருக்கு வளவு? அவருடைய உம்மாவிடமிருந்து. கொடுப்பது எத்தனை காலத்துக்கு? திருப்பி வாங்கமாட்டேன் என்றேன். மகளுக்குக் கொடுத்ததை யார் திருப்பி வாங்குவார்கள்?

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. கொடுப்பவருக்கும் கழகத்துக்கும் உள்ள தொடர்பு என்று அதில் கேட்டிருந்தது. அங்கத்தவர் என்று எழுதவா, அல்லது ஆதரவாளர் என்று எழுதவா என்று கேட்டார். என் கணவர் எனக்குப் பின்னால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"உம்மா எண்டு எழுதுங்க" என்றேன்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் புத்தகத் தமிழில், "தாய்" என்று எழுதிப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். நான் அதற்குக் கீழே என் பெயரை வைத்தேன்.